நிரம்பி வழிய வேண்டிய கலயம்

1998 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே கறுத்திருந்த மேகம் ஒரு துளிகூடப் போடவில்லை. குன்னத்துக்குத் தெற்கே, எங்கள் ஊர்ச் சுடுகாட்டில், என் தம்பியைச் சிதையில் கிடத்தியிருந்தோம்.

தம்பியும் அவன் மனைவியும் நான்கு வருடங்களுக்கு முன் பௌத்தம் தழுவியவர்கள். நான் தழுவவில்லை; எதிலும் சட்டென்று இறங்குகிற ஆள் இல்லை. படுக்கையில் கிடந்தபோது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, எனக்கு பௌத்த முறையில செஞ்சிடு. பதினாறாம் நாள்னு சொல்லி அவளை உக்கார வச்சு வளையலை உடைக்க வுட்டுடாத."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் குடும்பத்துச் சாவுகளை முன்னின்று நடத்துகிறவன் சித்தப்பா மகன். "பறை இல்ல, நீர்மாலை இல்ல, கொள்ளிக்குடம் இல்ல. இது சாவா, ஸ்கூல் மீட்டிங்கா?" என்றான். கடைசியில் இறங்கிவந்தான். "சரிண்ணே. உங்க சாமியாரு சொல்றதெல்லாம் கொறையில்லாம முடிஞ்சா நாங்க வாயத் தொறக்கல. ஒன்னு பெசகினாலும் பதினாறு எங்க முறைதான்."

அதனால் நான் எல்லாவற்றையும் எண்ணினேன். வந்தவர்கள் எண்பத்து மூன்று பேர். வழக்கமில்லாதபடி சுடுகாடு வரை வந்த பெண்கள் பதினொரு பேர். சென்னையிலிருந்து பஸ் மாறி வந்த பிக்கு, சரண வரிகளையும் ஐந்து ஒழுக்கங்களையும் சொல்ல, தெரிந்த ஏழு பேர் திருப்பிச் சொன்னார்கள். அவருக்கு வெள்ளைத் துணி தானம், நான்கு முழம். எல்லாம் சரி. மிச்சம் நீர் வார்ப்பது மட்டும்தான். செம்பிலிருந்து சிறு மண்கலயத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது நிரம்பி வழிய வேண்டும். இருப்பவர்கள் செய்த நல்லது இறந்தவனைப் போய்ச் சேர்வதற்கு அதுதான் அடையாளம் என்றார் பிக்கு.

தம்பி மனைவி ஊற்றினாள். ஒரு செம்பு. இரண்டு. மூன்றாவதும் முடிந்தது, கலயம் நிரம்பவில்லை. குனிந்து பார்த்தால், கலயத்தின் பக்கவாட்டில் சுண்டுவிரல் பருமனுக்கு ஓர் ஓட்டை. தண்ணீர் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருடா ஓட்டை போட்டது?"

சித்தப்பா மகன் கையில் அரிவாள் இருந்தது. "சத்தியமா வேணும்னு செய்யலண்ணே. சுடுகாட்டுல மண்பானையக் கண்டா கை தானா போயிடுது. முப்பது வருசமா கொள்ளிக்குடத்துக்கு ஓட்டை போட்ட கைண்ணே."

"அப்ப பெசகிடுச்சுல்ல? பதினாறு வச்சிட வேண்டியதுதான்" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

ஊருக்குள் போய் வேறு கலயம் கொண்டுவர எத்தனை நிமிடம் ஆகும் என்று நான் கணக்குப் போடுவதற்குள், தம்பி மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி வளையல் எட்டும் குலுங்க, கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

"மாமா, நீங்க ஊத்துங்க."

நான் பிக்குவைப் பார்த்தேன். "ஊத்துங்க ஐயா, வழிஞ்சா போதும்" என்றார். எல்லோரையும் முன்னால் நிற்பவர் தோளைத் தொடச் சொன்னார்.

ஊற்றினேன். முதலில் பெண்கள் வந்தார்கள். அப்புறம் என் வலது தோளில் கனமாக ஒரு கை விழுந்தது. சித்தப்பா மகன், அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் பின்னால் பங்காளிகள் வரிசையாக. இரண்டாவது செம்பு பாதியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. பிறகு வழிந்தது, அவள் விரல்மேல், வளையல்கள்மேல். தோள் தோளாக எண்ணினேன், எண்பத்திரண்டு. அந்தப் பெரியவர் மட்டும் தனியாக நின்றார்.

"நெறைஞ்சிடுச்சுடா!" என்று கத்திவிட்டேன். சாவில் கத்தியதற்கு எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. அதன்பிறகு தீ வைத்தோம்.

பதினாறாம் நாள் காலையிலிருந்து நான் தம்பி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கூடவில்லை. பதினோரு மணிக்குச் சித்தப்பா மகன் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். "அண்ணி, காபி குடுங்க" என்றான். அவள் டம்ளரை நீட்டியபோது எண்ணினேன். எட்டும் இருந்தன.

விறகு, துணி, பிக்குவுக்குப் போகவர பஸ், ஏழாம் நாள் தானச் சாப்பாடு, அந்த ஓட்டைக் கலயம் உட்பட எனக்கு ஆன மொத்தச் செலவு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.