எழுநூற்றி எண்பத்தாறும் நூற்றியொன்றும்

அன்று காலையிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பொறுமையில்லை. மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. துபாயில் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே நெட்வொர்க் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் குடும்பங்களில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணமானதிலிருந்து அவருடைய லீவு நாட்களில் மட்டும்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. எனக்கே அங்கே வேலை கிடைத்துவிட்டால் யாரிடமும் விசாவுக்குக் கெஞ்ச வேண்டாம். கிடைக்காவிட்டால் பழையபடி போனில்தான் குடித்தனம். எனக்கு அது அலுத்துப் போயிருந்தது.

நான் படித்த பயிற்சி மையம் கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழே அண்டாவை இறக்கினால் மேலே மேசை அதிரும். ஏசி கிடையாது. ரவுட்டர்களுக்கு ஒரு ஃபேன், எங்களுக்கு ஒரு ஃபேன். இரண்டில் ரவுட்டர்களின் ஃபேன்தான் ஒழுங்காகச் சுற்றும்.

என்னோடு லேபில் ஜோடியாக உட்காருகிறவள் திருப்பனந்தாள் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். அவள் அப்பா சொந்த நிலத்திலும் குத்தகையிலுமாக நெல் போடுகிறவர். அன்று அவர்கள் வயலில் குறுவை அறுப்பு. வானம் மூடிக்கொண்டு நிற்க, அறுப்பு மிஷின் எந்நேரமும் வரலாம் என்றிருக்க, அவள் எனக்காக டவுன் பஸ் ஏறி வந்துவிட்டாள். தேர்வில் செய்து காட்ட வேண்டிய வேலை இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவில் என்பதால் தேர்வுக்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. "மறுமுனையில் உங்களோடு படிக்கிற ஒருவர் இருக்கட்டும், சேர்ந்து எப்படி வேலை செய்கிறீர்கள் என்றும் பார்க்கிறேன்" என்று அந்தக் கம்பெனி இன்ஜினீயர் எழுதியிருந்தார்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒவ்வொரு ரவுட்டருக்குப் பின்னாலும் ஒரு சிறு நெட்வொர்க் இருக்கும். தன் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த ரவுட்டர் அந்த ரவுட்டருக்குத் தானாகச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் இரண்டும் ஒன்றையொன்று பக்கத்து வீடாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மையத்தில் நாங்கள் மாதக்கணக்காகப் பழகியது ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில். அந்தக் கம்பெனியில் ஓடுவதோ ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு முறை. நாலைந்து வரிதான் மாறும் என்று தைரியமாக இருந்தோம். அன்று காலையில் அடித்துப் பார்த்தால் இரண்டு ரவுட்டரும் ஊமையாக உட்கார்ந்திருந்தன.

எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவள் திரை எனக்குத் தெரியாது, என் திரை அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா, உங்க பக்கம் ஏதாச்சும் வருதா?"

"ஒரு மண்ணும் வரல. உன் பக்கம்?"

"காலியாத்தான் இருக்கு."

இந்தப் பக்கத்திலிருந்து அந்த ரவுட்டரைக் கூப்பிட்டால் பதில் வந்தது. அதனால் கேபிளில் கோளாறில்லை. அப்படியும் விடாமல் கேபிளை மாற்றினேன். முகவரிகளைச் சரிபார்த்தோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தோம். மறுபடி அழித்தோம், மறுபடி அடித்தோம். சொல்லிக்கொடுக்கும் சார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்; நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்கு என் போன் எங்கே கேட்கப் போகிறது. மச்சான் வாட்ஸ்அப்பில் "ரெடியா?" என்று கேட்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். மாமியார் கூப்பிட்டு, "துவா செஞ்சுக்கிட்டே இருக்கேன்மா" என்றார். இந்த ரவுட்டருக்கும் சேர்த்துச் செய்யுங்கள் மாமி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"நீ சரியா அடிச்சியா இல்லையா?" என்று அவளிடம் பாய்ந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "வரி வரியா வாசிப்போம்க்கா. நான் ஒரு வரி, நீங்க ஒரு வரி" என்றாள்.

வாசித்தோம். முகவரி சரி. முகவரியோடு சேர்த்து அடிக்கிற மாஸ்க் எண் சரி. அடுத்து, முறையைத் தொடங்கி வைக்கும் வரி. அந்த வரியின் கடைசியில் ஓர் எண் கொடுக்க வேண்டும்.

"ரவுட்டர் ஈஐஜிஆர்பி நூத்தியொண்ணு" என்றாள்.

"ரவுட்டர் ஈஐஜிஆர்பி எழுநூத்தி எண்பத்தாறு" என்றேன்.

வாசித்துவிட்டு அடுத்த வரிக்கே போய்விட்டோம்! அதற்கடுத்த வரியின் பாதியில்தான் இரண்டு பேரும் நிறுத்தினோம்.

எழுநூற்றி எண்பத்தாறு எங்களுக்கு பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதுகிற எண். என் வாப்பா கடைப் பலகையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையின் தலையில் இருக்கிறது. எங்கே ஓர் எண் கேட்டாலும் என் கை அதைத்தான் அடிக்கும். அவளுக்கு நூற்றியொன்று. மொய்க் கவரில் அந்த ஒற்றை ரூபாயை ஒட்டி வைப்பார்களே, அந்தக் கணக்கு. எதுவும் முழுசாக முடிந்துவிடக் கூடாது, ஒன்று மிஞ்ச வேண்டும். ஓஎஸ்பிஎஃப்பில் அந்த எண் அந்தந்த ரவுட்டரின் சொந்த விஷயம், எது போட்டாலும் ஓடும். ஈஐஜிஆர்பியில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால்தான் ஒன்றையொன்று ஏறெடுத்தே பார்க்கும். புத்தகத்தில் அதைப் படித்திருந்தோம். அவள் எண் நூற்றியொன்று என்று எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். என் எண் அவளுக்கும் தெரியும். அது அவளுடைய சாமி விஷயம் என்று நானும், இது என்னுடைய மார்க்க விஷயம் என்று அவளும் அதைக் கேள்வியாகவே எண்ணாமல் இருந்திருக்கிறோம்.

சிரிப்பதற்கு நேரமில்லை. நான் அவசரமாக என் எண்ணை அழித்துவிட்டு நூற்றியொன்று போட்டேன். நம்முடைய வேலைக்காக அந்தப் பெண் ஏன் தன் எண்ணை விட வேண்டும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் வரலயேக்கா. உங்க நம்பரத்தான் போட்டேன்" என்றாள் அவள்.

"அடிப்பாவி! நான் உன் நம்பரப் போட்டுட்டேன்!"

கீழே பாத்திரக்கடையில் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள், அப்படிச் சிரித்தோம். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத பத்து என்று வைத்துக்கொண்டோம். போட்ட சில நொடிகளில் பக்கத்து வீடு கிடைத்துவிட்டதென்று இரண்டு திரையிலும் வரி ஓடியது. எனக்கு உயிர் வந்தது.

மூன்று மணிக்கு இன்ஜினீயர் வந்தார். தமிழ்க்காரர்தான். இருவரும் கேமராவில் தெரிய வேண்டும் என்றதால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் திரை அவருக்கு முழுசாகத் தெரியும். "முதல்லேருந்து பண்ணுங்க, உங்களுக்குள்ள பேசிக்க வேணாம். பேசாம எப்படிச் சேர்ந்து செய்றீங்கன்னு பாக்கலாம்" என்றார். மழை பிடித்துக்கொண்டது. இவள் வயல் என்ன ஆனதோ என்று ஒரு நினைப்பு, மச்சான் ஆபீசில் போனையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு. விரல் தன் போக்கில் ஓடியது. என்டரைத் தட்டிய பிறகுதான் பார்த்தேன். பத்து இல்லை. எழுநூற்றி எண்பத்தாறு அடித்திருந்தேன்.

திரும்பப் போய் அழித்தால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார். மச்சான், போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மீதி வரிகளை அடித்தேன். கடைசி வரியை முடித்துக் கையை எடுத்தேன்.

பக்கத்து வீடு கிடைத்துவிட்டது என்று வரி வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடித்த வரியிலும் எழுநூற்றி எண்பத்தாறு இருந்தது.

இன்ஜினீயர் சில கேள்விகள் கேட்டார், பதில் சொன்னேன். "இந்த நம்பர் ஏன்?" என்றார். "கை பழக்கம் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆர்டர் மெயிலில் வரும், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திரை அணைந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். "உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"தெரியாதுக்கா. நீங்க அடிக்கிற வரைக்கும் அந்த வரிய அடிக்காம வச்சிருந்தேன். பதட்டத்துல உங்க கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிஷின் வந்ததா என்று போனில் அப்பாவிடம் கத்திக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

நானும் கீழே இறங்கி வந்து மச்சானைக் கூப்பிட்டேன். "கிடைச்சிருச்சு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"நீ எப்ப வர்றே?" என்றார்.

இத்தனை வருஷமாக ஒவ்வொரு போனிலும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். என்னிடம் யாரும் கேட்டதில்லை. பாத்திரக்கடை வாசலில் நின்று அழுதேன்.