சத்தம் போன கார்

காத்தமுத்துவுக்குக் காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. கோட்டுச்சேரி நெல் மில்லில் ஆயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர், மில்காரரின் மாப்பிள்ளையிடம், "உங்களவிட இந்த எஞ்சின் சொன்ன பேச்சு கேக்குதுங்க" என்று உண்மையைச் சொல்லி வேலையை இழந்தார். பிறகு காரைக்காலுக்கு வந்து சொந்தமாக ஒரு மெக்கானிக் கொட்டகை போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போயிருந்த சமயம் அது. ஊரில் இருந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓடுகிற கார்களை எண்ண அத்தனை விரல்கூடத் தேவையில்லை.

அப்படி ஓடியவற்றில் ஒன்று மரக்கடை முகம்மது இப்ராஹிம் மரைக்காயருடையது. ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர் பிரிய மனமில்லாமல் விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார். அவருக்கு ஏன் பிரிய மனம் வந்தது என்பது எஞ்சினைத் திருகியதும் விளங்கும். டக டக டகவென்று இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். கார் வருமுன்பே கடையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தம் மீது அவர்களுக்கு அவ்வளவு மரியாதை என்று மரைக்காயர் நம்பிக்கொண்டிருந்தார்.

காத்தமுத்து ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னார்: "மொதலாளி, கனெக்டிங் ராடு புஷ்ஷெல்லாம் தேஞ்சு போச்சுங்க. பின்னு தொட்டில் மாதிரி ஆடுது. இப்படியே ஓட்டுனீங்கன்னா ராடு ஒடைஞ்சு எஞ்சினப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும்."

"வந்தா?"

"நீங்க நடந்து வருவீங்க."

நடப்பது என்ற சொல்லே மரைக்காயருக்கு ஆகாது. மறுநாளே கார் கொட்டகைக்கு வந்துவிட்டது.

எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன்களை ராடோடு உருவினார் காத்தமுத்து. ராடின் மேல்முனை வளையத்துக்குள் பிஸ்டன் பின்னைத் தாங்க ஒரு வெண்கலக் குழல் இருக்கும். அதுதான் புஷ். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. புதிதுக்குப் பிரான்சுக்கு எழுதிப்போடும் காலம் முடிந்துவிட்டதால், நாகப்பட்டினத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிவந்தார். பழையதை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி வெளியேற்றிப் புதியதை இறக்கினார். எண்ணெய் போகும் ஓட்டையை நேர்பார்த்துத் துளைத்தார். பிறகு துளையைச் சீவும் ரீமரை உள்ளே விட்டு, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினார். எண்ணெய் தடவிய பின்னைக் கட்டைவிரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தானாக விழக் கூடாது. அந்தப் பதம் வந்தபோது அவர் மனைவி வடிவாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினார். "சோறு ஆறுது" என்றாள் அவள்.

எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிக் காட்டியபோது மரைக்காயர் சொன்னார்: "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலியே."

தம் தொழிலுக்கு இனி ஊரே மாலை போடும் என்று காத்தமுத்து காத்திருந்தார்.

முதலில் வந்தவர் மரக்கடைக் கணக்கர் சிதம்பரநாதன். மாலை கொண்டுவரவில்லை. பலகை அடுக்கின் மேல் படுத்திருந்தவர், கண்ணைத் திறந்தபோது முதலாளி முகம் தெரிந்ததாம். "இந்தக் காரு வந்ததுலேர்ந்து நிம்மதியா மதியம் தூங்குறேன். எவன் கேட்டான்? நீ ஏன்யா அந்த எஞ்சின்ல கை வச்ச?"

அடுத்து வந்தது மரைக்காயர் வீட்டு வேலைக்காரி காசியம்மா. மரைக்காயரின் மனைவி ஆஸியா பீவி, அண்டை வீட்டுப் பெண்களிடம் மாமியாரின் தாராள குணத்தை விவரித்துக்கொண்டிருந்தாராம். மாமியார் மீன் தலையை எண்ணி வைக்கும் கட்டத்தில் மரைக்காயர் உள்ளே நுழைந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, நல்லா இருந்த வண்டிய இப்படிப் பண்ணி வச்சிருக்கியேன்னு அம்மா கேட்டு வரச் சொன்னாங்க."

"நல்லாவா இருந்துச்சு?"

"எங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால் பேச்சு நின்றது. காத்தமுத்துவுக்கு உண்மையிலேயே வலித்தது. திட்டு வாங்குவது அவருக்குப் பழக்கம்தான். வேலையைச் சரியாகச் செய்து திட்டு வாங்கியது இதுவே முதல் முறை.

கடைசியில் மரைக்காயரே வந்தார். காரை நிறுத்தியதே தெரியவில்லை. கோபமாக இல்லை, ஒரு டயரின் மேல் தளர்ந்து உட்கார்ந்தார்.

"காத்தமுத்து, நான் மூக்கால பேசுறேனாப்பா?"

காத்தமுத்துவின் வாய் பொய்க்குப் பழகாதது. "கொஞ்சம் பேசுவீங்க."

"இன்னிக்குக் கடை வாசல்ல நின்னேன். உள்ள ஒருத்தன் என்ன மாதிரியே பேசிக் காட்டுறான். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிக்கிறானுவ. நல்லாத்தான் பேசுனான். முழுசாக் கேட்டுட்டு அப்படியே வந்துட்டேன்." டயரைத் தட்டிக்கொண்டே, "பழைய புஷ்ஷ மறுபடி மாட்ட முடியுமா?" என்றார்.

தம் உயிரைக் கேட்டதுபோல் இருந்தது காத்தமுத்துவுக்கு. "அது மட்டும் என் கையால நடக்காதுங்க" என்றார். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. யோசித்து, பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ரப்பர் பந்து ஹாரனை எடுத்துவந்தார். இரண்டு திருகாணி போட்டுக் கார்க் கதவோரம் பொருத்தினார். அழுத்தினால் எருமை அலறியது.

"தெரு முக்குல ரெண்டு தரம் அழுத்துங்க. வீடு, கட, எல்லாம் சரியாயிரும்."

சரியாயிற்று. கடையில் எழுந்து நின்றார்கள். கணக்கர் தூங்கி, நேரத்தோடு விழித்தார். வீட்டில் மாமியார் புகழ் உரிய நேரத்தில் நின்றது. காத்தமுத்து கைராசிக்காரர் என்று பேச்சு பரவியது. ஆஸியா பீவி ஒரு சட்டி பிரியாணி கொடுத்தனுப்பினார்.

பிறகு பக்கத்து ஊரான பூவத்திலிருந்து ஒருவர் காரோடு வந்தார். கொட்டகைக்குள் நுழையும்போதே அதன் எஞ்சின் தட்டுவது காத்தமுத்துவின் காதில் விழுந்தது. "புஷ் போயிருச்சுங்க, எறக்கிப் பாத்துரலாம்" என்றார் ஆவலோடு.

"எஞ்சின் கெடக்கட்டும்ங்க. மரைக்காயருக்குப் போட்டீங்களே, அந்த மாதிரி ஒரு ஹாரன் போட்டுக் குடுங்க."

காத்தமுத்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.