கம்பவுண்டரைவிட அகலம்

சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க் சுவக்கீனுக்குப் பத்து வருஷமாகப் போட்டியே கிடையாது. கல்யாணம், மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, சாவு எதுவானாலும் அவர் கேமராதான் போகும். அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக ஏசுரத்தினம் வந்து சேர்ந்தார். அவரிடமும் கேமரா இருந்தது. போதாக்குறைக்கு வைடு ஆங்கிள் லென்ஸும் இருந்தது.

அவர் எடுத்த மலை விளிம்புப் படம் ஒன்றைக் கோயில் ஹாலில் ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த சுவக்கீன் பெண்டாட்டி சிசிலி, கட்டின புருஷனிடமே ஆரம்பித்தாள்.

"ஏங்க, கம்பவுண்டர் படத்துல வானம் பூரா விழுந்துருக்கு. நீங்க எடுத்தா ஒத்த மரந்தான விழுது?"

"அது லென்ஸு பண்ற வேலடி. அந்தாளு என்னத்தக் கிழிச்சான்?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் அது பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை.

எழுபத்தாறு மார்ச்சில், விடியலுக்கு முன்னால் கிழக்கே வால்நட்சத்திரம் தெரிந்தது. அதை யார் நன்றாகப் படம் எடுக்கிறார்களோ அவர் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் நிரந்தரமாக மாட்டுவதாகக் கோயில் பங்குச்சாமி அறிவித்தார். சுவக்கீன் மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினார்.

கடைக்காரர் மூன்று லென்ஸை எடுத்து வைத்தார். முப்பத்தஞ்சு, இருபத்தெட்டு, இருபத்துநாலு.

"நம்பர் குறையக் குறைய அகலம் கூடும்ணே. உங்களுக்கு முப்பத்தஞ்சே போதும். ரொம்ப அகலமாப் போனா வேண்டாததெல்லாம் உள்ள வந்து நிக்கும்."

"எங்கூருக் கம்பவுண்டர் இங்கதான வாங்குனாரு? எது?"

"இருபத்தெட்டு."

"அப்ப இருபத்துநால எடுங்க."

எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்றுகூட அவர் கேட்கவில்லை.

மறுநாள் கருக்கலில் மலை விளிம்புக்குப் போனார். ஏசுரத்தினம் அங்கே வருவார் என்று தெரியும். தன் புது லென்ஸ் அந்த ஆள் கண்ணில் படக்கூடாது என்று பின்னால் இருந்த பாறைமேல் ஏறி ஸ்டாண்டை விரித்தார். கீழே இருமல் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. பழைய லென்ஸின் நினைப்பில், அந்த ஆள் படத்துக்கு வெளியேதான் இருப்பார் என்று கணக்குப் போட்டார். ஷட்டரைத் திறந்து, இருபது எண்ணி மூடினார்.

குமுளி ஸ்டுடியோவில் படத்தை வாங்கியவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. வால்நட்சத்திரம் பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழே, குரங்குக் குல்லாவும் வளைந்த முதுகுமாகக் கேமராவுக்குள் குனிந்து நின்றார் ஏசுரத்தினம். அவரை வெட்டினால் வால்நட்சத்திரத்தின் தலையும் சேர்ந்து போகும். கரிய உருவம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏசுரத்தினத்தின் படமோ, அவர் இருமிய இருமலில் ஸ்டாண்டு ஆடிக் கலங்கிப் போயிருந்தது.

"சந்தேகமே இல்ல சுவக்கீன், உன் படந்தான்," என்றார் சாமி. "கீழ நம்ம கம்பவுண்டர் நிக்கிறார் பாரு, அதுலதான் படத்துக்கே உசுரு வந்துருக்கு."

ஏசுரத்தினம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, என்னைய இம்புட்டு அழகா யாருமே எடுத்ததில்ல. ஒரு காப்பி போட்டுத் தாங்க."

சுவக்கீன் ஜெயித்துவிட்டார். படம் சட்டத்துக்குள் போய் ஹாலில் ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஜனங்கள் அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் அதற்குக் 'கம்பவுண்டர் படம்' என்றே பேர் நிலைத்துவிட்டது.

சிசிலியும் அப்படித்தான் சொன்னாள்.