மனப்பாடமான கறுப்பு

அந்தக் கார் எங்கள் சந்துக்குள் ஓடி வரவில்லை. சரக்கு ஆட்டோ ஒன்றின் பின்னால் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்தது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா. கூரை முழுக்கச் சருகும் காக்கை எச்சமும். லாலாகுடாவில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்தது எங்கள் சந்து. அது மொத்தமும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பழைய இரும்புக் கடைக்கா போகிறது என்று யாரோ தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்கள். அப்பா காதில் வாங்கவில்லை. எங்கள் வாசல் வந்ததும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, வண்டி நிற்கப் போகிறது என்று பின்னால் வந்த சைக்கிள்காரருக்குச் சைகை காட்டினார். கயிற்றில் வந்தாலும் வண்டி வண்டிதான் அவருக்கு.

அது டாக்டரம்மாவின் கார். மாரேட்பள்ளியில் தோட்டத்தோடு கூடிய வீட்டில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண் டாக்டர் அவர். குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா இள வயதில் அவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். டாக்டரம்மா இறக்கும்வரை வேறு யாருக்கும் வண்டி ஓட்டியதில்லை. கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும் நாலு கதவுக் கார், கன்னங்கரேல் என்று இருக்கும். காலையில் துடைத்து முடித்ததும் அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்து, முழங்காலை லேசாக மடக்கி, வண்டியின் பக்கவாட்டைப் பின்னாலிருந்து முன்னால்வரை ஒரே இழுப்பாகப் பார்ப்பார். ஒரு விரல் ரேகை இருந்தாலும் தெரிந்துவிடும். லீவு நாளில் அங்கே போயிருந்த நான் ஒருமுறை கதவில் கையை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றேன். "இது யாரு கை? ஊறுகா துன்ன கை" என்றார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா போன பிறகு வெளிநாட்டிலிருந்து மகன் வந்தார். வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றார். காரை வாங்க ஆள் வரவில்லை. "இது உங்களுக்குத்தான் சேரணும்" என்று அப்பா பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அதற்குள் வண்டி மரத்தடியில் நின்று பல மழை பார்த்திருந்தது. இனி புதிதாக வேலை தேட முடியாத வயதில் அப்பாவிடம் மிஞ்சியது அதுதான். அம்மா விடியும் முன்பே போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்க் காயும் கீரையும் எடுத்துத் தள்ளுவண்டியில் விற்பவர். அப்பா திண்டாடித் திண்டாடி அவருக்குக் கீரைக்கட்டு கட்டித் தரப் பழகினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதை எங்கே எழுதினாலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுவேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். மற்றதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன்: கடைப் பெயர்ப் பலகை, மின்சாரக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ், மாத்திரை அட்டை. அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்த சமயத்தில், பஸ் நம்பரையும் அவர் என்னிடமே கேட்க ஆரம்பித்தார். "இன்னா நம்பர் வருது பாரும்மா" என்பார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். படித்த பெண் பக்கத்தில் நிற்கும்போது தான் எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். படிக்கத் தெரியாத ஒருவர் படித்துச் சொல்லச் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அவருக்கு ஒரே ஆசை இருந்தது. அந்தக் காரைச் சரிசெய்து, அதில் என்னை என் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். டாக்டரம்மா காலத்தில் மாதாப்பூர்ப் பக்கம் ஒருமுறை போயிருக்கிறாராம். பாறையும் சீத்தாப்பழப் புதரும்தான் அப்போது. "அந்தப் பாறைக் காட்டுல என் பொண்ணுக்கு ஏசி ரூம்ல சீட்டு" என்று சந்தில் எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் அந்த ஆசை குறைவாக இல்லை. கம்பெனி வண்டிகளில் கூட்டமாக வந்து இறங்குகிற வாசலில், என் அப்பா ஓட்டிவரும் எங்கள் சொந்தக் காரிலிருந்து நான் இறங்குவதைப் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் உஸ்தாத் என்று எல்லோரும் கூப்பிடும் பெயிண்டரின் தகரக் கொட்டகை இருந்தது. சென்னையில் சில வருடம் வேலை பார்த்தவர் என்பதால் உருதும் தமிழும் கலந்து பேசுவார். எங்களிடம் இருந்த பணத்துக்குத் துரு தின்ற இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க முடியாது. ஓட்டையை அடைத்துப் பட்டிப் பசை பூசி, தேய்த்து, மேலே வர்ணம் அடிக்கலாம், அவ்வளவுதான். இருக்கையும் முன்விளக்கு வளையமும் உடைத்துப் போட்ட வண்டிகளிலிருந்து வந்தன. எஞ்சினைப் பார்க்க அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் கிடைத்தார். எல்லாம் ஒருவழியாக ஒத்துப்போனது, வர்ணத்தைத் தவிர.

"காலா நக்கோ டிரைவர்சாப்" என்றார் உஸ்தாத். "இவ்ளோ பட்டி போட்ட பாடிக்குக் கறுப்பு அடிச்சா மேடு பள்ளம் எல்லாம் பல்லக் காட்டும். வெள்ளை போடுங்கோ. வெள்ளை நல்ல மாமியார் மாதிரி, குறைய வெளிய சொல்லாது. கறுப்பு என் மாமியார் மாதிரி."

அப்பா சிரித்தார். ஆனால் கறுப்பு என்பதில் மாறவில்லை. எனக்கு வானநீலம் பிடித்திருந்தது. உண்மையில் கறுப்பு தவிர எதுவானாலும் சரி. "ஏம்பா, வண்டி இப்ப நம்மளதுதானே? இன்னும் டாக்டரம்மா கலர்லயே இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அது டாக்டரம்மா கலர்னு யாரு சொன்னது? அவங்க உக்காந்து போனாங்க. தொடச்சவன் நானு. அது என் கலரு."

கறுப்பு என்றே முடிவானது.

பழைய வர்ணத்தைச் சுரண்டுகிற வேலையை, கூலி மிச்சம் என்று, அப்பாவே எடுத்துக்கொண்டார். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பார். விரல் நுனி வெளுத்துத் தோல் உரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எங்கே மேடு என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோகும்போது அதை நின்று பார்ப்பேன். "கைல கண்ணு வெச்சிருக்காரு உன் அப்பா" என்று உஸ்தாத் ஆச்சரியப்படுவார். நானும் ஆச்சரியப்பட்டேன். இப்போது எழுதும்போதுதான் அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்துகிறது.

வர்ணம் அடிக்கும் வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு வேறொரு வண்டி காத்திருந்ததால் உஸ்தாத் அவசரப்பட்டார். நாங்கள் எடுக்கப் போன அன்று இடப்பக்கப் பின்கதவு என்னைப் போன்றவளுக்கே பளிச்சென்று தெரியும்படி கெட்டிருந்தது. காற்றடித்த குட்டைத் தண்ணீர்போல முழுக்க அலை. என் முகம் அதில் நீண்டும் குறுகியும் தெரிந்தது. ஒரு மூலையில் பால் கலந்ததுபோல் மங்கல் வேறு. உஸ்தாத் மழையைத் திட்டிக்கொண்டே சமாதானங்களோடு தயாராக நின்றார். "வாங்கோ டிரைவர்சாப், திட்டுங்கோ" என்றார்.

அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார். முழங்காலை மடக்கினார். பின்னாலிருந்து முன்னால்வரை ஒரே இழுப்பாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்குது உஸ்தாத்."

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. உஸ்தாத் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அப்பா முன்பக்கம் போனதும் என் அருகே வந்து தாழ்ந்த குரலில், "பேட்டா, உன் அப்பாவக் கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்றார். பஸ் நம்பர்கள் எல்லாம் எனக்கு ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன.

சர்க்கரை நோய் கண்ணின் பின்பக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்துப் பல நாளாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது. நான் அவருக்கு எத்தனையோ காகிதம் படித்துச் சொல்லியிருக்கிறேன். இதையும் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக, அம்மாவிடம் இருந்த கார்ச் சாவியைக் கேட்டார்.

"இத்தினி வருசத்துல வண்டில ஒரு கீறல் உண்டா? நேத்து வந்த டாக்டர் சொல்றான்னு நீயும் ஒத்து ஊதுறியா? படிச்சிட்டா அப்பனுக்கே பரீட்சை வெப்பியா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பரீட்சையை அம்மா வைத்தார். கூடையிலிருந்து இரண்டு கீரைக்கட்டுகளை எடுத்துக் கைக்கு ஒன்றாக நீட்டினார். "இதுல எது புதினா, எது கொத்தமல்லி, சொல்லுய்யா. சாவி தர்றேன்."

அப்பா ஒன்றை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்கால வண்டி ஓட்ட முடியாது."

பல மாதமாகவே அவர் மோந்து பார்த்துத்தான் கட்டு கட்டுகிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். வண்டி முடியட்டும், அதுவரைக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அப்பா அந்தக் கட்டைத் தரையில் மெதுவாக வைத்தார். "கதவு நல்லா இல்லியா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சிது" என்றார். "அந்தக் கறுப்பு எனக்கு மனப்பாடம்மா."

அதற்கடுத்த வாரம் அவரேதான் சொன்னார்: "உஸ்தாத ஓட்டச் சொல்லு. போயிட்டு வந்துடலாம்." உஸ்தாத் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன் இருக்கையில் உட்காரச் சொன்னபோது அப்பா மறுத்துவிட்டார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும் என்றார். அதனால் பின்னால், டாக்டரம்மா உட்காரும் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். சந்து மறுபடியும் வாசலுக்கு வந்தது. "ஓனர் ஆயிட்டீங்க! பின்சீட்டு!" என்று கை தட்டினார்கள். அவர் ஏன் பின்னால் உட்கார்ந்தார் என்பது வண்டிக்குள் இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் எல்லோருக்கும் கைகூப்பினார்.

வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். மேம்பாலம் ஏறும்போது உதடு மட்டும் "மூணு" என்று அசையும், உஸ்தாத் அப்போதுதான் கியர் மாற்றுவார். ஆபீஸ் வாசலில் காவலர் பின்சீட்டைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார். அப்பா ஜன்னல் பக்கம் குனிந்து, இந்தியில், "என் பொண்ணு இங்க வேலை செய்யுது" என்றார். கட்டடத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் இறங்குகிறேன் என்றார்.

அவர் கை கதவின் உட்பக்கத்தில் கைப்பிடியைத் தேடியது. மேலே போனது, கீழே வந்தது, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடியைப் பிடித்து, விட்டது. "எங்க வெச்சிருக்கான் இத?" என்று சிரித்தார். நான் குறுக்கே கையை நீட்டப் போய், நிறுத்திக்கொண்டேன். கண் தெரியாததால்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு தோன்றியது, அந்தக் கதவை அவர் வாழ்நாளெல்லாம் வெளியே நின்றுதான் திறந்திருக்கிறார்.

இப்போது அப்பா இல்லை. அந்தக் காரில் ஆபீசுக்குப் போகும் நாட்களில் நானே ஓட்டுகிறேன், நானே இறங்குகிறேன். அன்று அவர் கை தடுமாறியதற்குக் காரணம் இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியாது.