அரிசி டிரம் மூடியின் உள்பக்கம்

கண்ணுகளா, அரிசி டிரம் மூடியின் உள்பக்கம் ஆணியால் என்னவோ கீறியிருக்கிறதே, அது என்ன என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். இப்போது உங்களுக்கும் ஆளுக்கொரு மெயில் கணக்கு வந்துவிட்டது. போன வாரம் பெரியவள் தம்பி பார்த்துவிடக் கூடாதென்று ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினாள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் அம்மா பத்தாவது தேறியவள். நான் எட்டோடு நின்றவன். உங்கள் மாமா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது, காளப்பநாயக்கன்பட்டியில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டரில் அக்காவுக்கு ஒரு மெயில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். நாங்கள் மிளகு விற்க மலையிலிருந்து கீழே இறங்கும் நாட்களில் அவள் அங்கே நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் உட்காருவாள். நான் எதிரே டீக்கடையில் இருப்பேன். உள்ளே போய் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள் திரும்பி மலையேறும்போது பஸ்ஸில் சொன்னாள்.

"தம்பி வேற கம்பெனிக்கு மாறிட்டானாமுங்க. புது போன் நம்பர் அனுப்பியிருக்கான். அதையும் பாஸ்வேர்டையும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கறேன், வெச்சுக்கங்க. அவசரம்னா ஆவும்."

"எதுக்கு? அதான் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள பத்திரமா இருக்குதே."

அதோடு விட்டிருக்கலாம். முன் சீட்டில் நம்ம ஊர்க்காரர்கள் இருந்தார்கள். "கேட்டுக்கங்கப்பா, கலெக்டரம்மா ஊட்டுக்காரனுக்கு உத்தரவு போடறாங்க" என்று அவர்கள் காதுபடச் சொன்னேன். பாதி பஸ் சிரித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்று மாதம் போயிருக்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் கஷாயம் போதும் என்றிருந்துவிட்டேன். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூளைக்காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்து கண் திறந்தாள்.

"தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு. பொறப்பட்டு வாரானாம்."

சொல்லவில்லை. அவன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அந்த நிமிஷம் அவளிடமே பாஸ்வேர்டைக் கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் அப்படிப் பேசிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கினேன். சென்டருக்குப் போனால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றும் நம்பினேன். வீட்டுக்கு ஆள் அனுப்பி ரேஷன் கார்டை வரவழைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சென்டர் வைத்திருந்த பாய் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது போஸ்டாபீஸ் இல்லீங்க. ரேஷன் கார்டைக் காட்டினா கம்ப்யூட்டருக்கு என்னங்க தெரியும்?"

"இந்த நாலாம் நம்பர்லதான் பாய் அவ உக்காருவா. எல்லாம் இதுக்குள்ளதான இருக்கும்?"

"இதுக்குள்ள ஒண்ணுமில்லீங்க. அது எங்கியோ அமெரிக்காவுல இருக்குது. பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும்."

மாமாவின் மெயில் விலாசமும் அதற்குள்தான் இருந்தது. பாய் நல்ல மனுஷன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது என்று எதையோ தட்டினார். திரையில் ஒரு கேள்வி வந்தது.

"உங்க ஊட்டம்மாவுக்குப் பிடிச்ச வாத்தியார் யாருன்னு கேக்குதுங்க. சொல்லுங்க, போட்டுப் பாக்கறேன்."

பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தோம். என்னை அடித்த வாத்தியார், பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார் எல்லாரையும் அவளுக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவளுடைய வாத்தியார் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. வாயில் வந்த மூன்று பெயர்களைச் சொன்னேன்.

"இன்னைக்கு இனி விடாதுங்க" என்றார் பாய். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவள் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பிறகு அவள் கண் திறக்கவில்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்.

நாற்பது நாள் கழித்து உங்கள் மாமா பஸ் நிறுத்தத்து டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டு என்னை வரச் சொன்னான்.

"ஏன் மாமா, அக்கா பதிலே போட மாட்டேங்குது? எம்மேல கோவமா? நாலு மெயில் போட்டேன். கடைசியில திட்டிக்கூடப் போட்டேன்."

சொன்னேன். "எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டான். உங்களுக்கு இப்போது சொன்ன இதையெல்லாம் அவனுக்கும் சொன்னேன். போனை வைத்துவிட்டான். இன்றுவரை உங்களோடு பேசுகிறான், என்னோடு பேசுவதில்லை. நிலத் தகராறு என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அது இல்லை.

எழுதி வைத்தால் திருடன் பார்த்துவிடுவான் என்பாள் பெரியவள். மெயில் படிப்பதற்காக இத்தனை வளைவு ஏறி வந்து அரிசி டிரம்மைத் திறக்கிற திருடன் இருந்தால் அவன் படித்துவிட்டுப் போகட்டும், சாமி. வெளியாளுக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். மூடியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அந்த போன் வந்த மறுவாரம் பாயிடம் போய் என் பெயரில் ஒரு மெயில் போடச் சொன்னேன். அதே கேள்வியைக் கேட்டது. பதில் சொன்னேன். பாஸ்வேர்டை அவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். டிரம் மூடியை மடியில் கவிழ்த்து வைத்து, சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கீறினேன். அதன் கீழே என் வாத்தியார் பெயரையும் கீறினேன். உதிர்ந்த துருவை ஊதிவிட்டு, துணியால் துடைத்து, டிரம்மை மூடினேன்.