வெருகலுக்கு ஒரு பார்சல்

வாழையிலையை அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தபோது மகள் போனுடன் குசினிக்குள் வந்தாள். ஓட்டமாவடியிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குக் காரில் போக அவள்தான் திட்டம் போடுகிறாள்.

“உம்மா, இப்ப வழியெல்லாம் பாலம் இரிக்கி. கெதியாப் போயிரலாம். சோத்துப் பார்சல் என்னத்துக்கு?”

இலை வாடிய வாசனை என்னை வெருகல் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. என் சின்ன வயதில் அங்கே பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவைதான் இருந்தது, ‘பாதை’ என்போம். பொழுது சாய்ந்தால் அதைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஒருமுறை நாங்கள் பிந்திப் போனோம். பாதை அக்கரையில் நின்றது. வாப்பா பதறவில்லை, சீட்டில் சாய்ந்தபடி ஹோர்னை நீட்டி அடித்தார்.

“இனி ஆரு வாப்பா வரப்போறாங்க?” என்று அழுதேன்.

“உங்கும்மாட மீன் பொரியல் திண்டவன் வராம இரிப்பானா?” என்றார்.

வந்தார்கள். பாதைக்காரருக்கென்று உம்மா எப்போதும் ஒரு பார்சல் கூடுதலாகக் கட்டுவார்.

மகள் என் பார்சல்களைப் பார்த்தாள். “நாம நாலு பேர்தானே உம்மா? ஒண்டு கூடிப்போச்சு.”

“கூடல்ல. பாலத்தில தூண்டில் போடுற ஆக்கள் நிப்பாங்க.”

“அவங்களுக்கு நாம என்னத்துக்கு...”

“பாலம் கட்டினா மனிசருக்குப் பசிக்காதா? வெருகல்ல காரை நிப்பாட்டு.”