நடுப்பகுதி இல்லாத கச்சேரி

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடிகளைத் தேய்த்துப் பொருத்துவது அவள் பிழைப்பு. இசையமைப்பது அவள் பைத்தியம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பியானோவில் சின்னச் சின்ன மெட்டுகள் எழுதிவந்தாள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் மெட்டுகள்.

கணவன் ஊர் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவன். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கையில் எப்போதும் குச்சி இருப்பதால் எல்லோருக்கும் அவர் குச்சிக்காரர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், முழுக் குழுவுக்கும் சேர்த்து நீளமாக ஒன்று எழுதம்மா, ஆண்டுக் கச்சேரியில் வாசித்துவிடுவோம் என்றார்.

நீளம் அவளுக்கு லேசில் பிடிபடவில்லை. மெட்டை வயலினிடமிருந்து பிடுங்கிப் புல்லாங்குழலிடம் கொடுத்தாள், அங்கிருந்து டிரம்பெட்டிடம். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைக் கைமாற்றுவது போலிருந்ததே தவிர, இசை ஓரடி நகரவில்லை. கிழித்துப் போட்டாள். பெரிய இசைக்கோவைகளை நூலகத்திலிருந்து கொண்டுவந்து, ஒலிப்பதிவைக் கேட்டபடியே வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். மெல்லப் புரிந்தது: மெட்டைக் கொஞ்ச நேரம் காணாமல் போக விடவேண்டும், கேட்பவர் அதற்காக ஏங்கவேண்டும். அப்படித்தான் நடுப்பகுதி பிறந்தது. மெட்டின் துணுக்கு ஒன்று, பெரிய வயலின் போன்ற செல்லோக்களின் கனத்த நாதத்துக்கு அடியில் முனகிக் கிடக்கும். ஒற்றைக் கிளாரினெட் அதைத் தேடிப் போகும். கணவனின் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து அந்த வரியை எழுதினாள்.

ஒத்திகைக்கு வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம், மேடையில் கேட்டால்தான் சுகம் என்று அவன் தட்டிக்கழித்தான். எப்படி வருகிறது என்றால், ஜோராக வருகிறது என்பான்.

கச்சேரியன்று மண்டபம் நிறைந்திருந்தது. தங்கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தொடக்கம் எழுதியபடியே வந்தது. வயலின்கள் அவசரப்பட்டதைக்கூட மன்னித்தாள். அடுத்து செல்லோக்கள் தொடங்கவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிரம்பெட்டுகள் கிளம்பின. அது கடைசிப் பகுதி. யாரோ தாளைத் தவறிப் புரட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒருவரும் தடுமாறவில்லை. எல்லோரும் சேர்ந்தே தாவியிருந்தார்கள். கணவன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

கைதட்டல் பலமாக இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று தங்கை காதோரம் கேட்டாள்.

கச்சேரி முடிந்ததும் போய்க் கேட்டபோது குச்சிக்காரர் கூசாமல் சொன்னார்: அந்த நடுப்பகுதி நம் ஆட்களுக்கு எட்டாது, ஜனங்களும் நெளிவார்கள், உன் வீட்டுக்காரரிடம் முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டேனே. அவர்மேல் அவளுக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கணவனிடம் கேட்டாள். "ஒரு தடவையாவது வாசிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல. சொன்னா நீ ஒடிஞ்சு போயிடுவேன்னு..."

"நல்லா இல்லேன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு மறுபடி எழுதியிருப்பேன். தினம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே ஜோர்னு சொன்னீங்களே, அதை என்ன பண்றது?"

அவன் வாத்தியப் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

பிறகு தாள்களையெல்லாம் திரும்ப வாங்கி, பக்கத்து நகரத்துக் குழு ஒன்றுக்குக் கொடுத்தாள். அவர்கள் திக்கித் திணறி முழுசாக வாசித்தார்கள். கேட்டபோதுதான், நடுப்பகுதி உண்மையிலேயே கொஞ்சம் இழுத்தது தெரிந்தது. அங்கேயே பென்சிலை எடுத்துச் சில வரிகளைத் தானே அடித்தாள். திரும்பிவரும் பேருந்தில் இரண்டாவது இசைக்கோவைக்கான தொடக்கம் மனதில் ஓடிற்று.

கணவனிடம், தங்கை வீட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னாள்.